மார்பில் வந்த நோயும் மார்க்கம் தந்த சலுகைகளும்

நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தலைவலி, காய்ச்சல் என்றால் வாய்விட்டுச் சொல்வார்கள். மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் மட்டும் உம்மாவிடமும் சொல்வதில்லை, கணவரிடமும் சொல்வதில்லை. வலி இல்லையே என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பிறகு ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், வெட்கமாக இருந்தது என்பார்கள். வெட்கம் ஈமானைச் சேர்ந்தது என்பது நாம் அறிந்ததே. ஆனால் உயிரைக் காக்கும் காரியத்தைத் தடுக்கின்ற வெட்கம் ஈமானைச் சேர்ந்ததாக எப்படி இருக்க முடியும்? மார்புப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதையும் சகோதரிகள் அறிந்து கொள்ள வேண்டும். வலி இல்லை என்பதால் பயமில்லை என்று எண்ணிவிடலாகாது.

இது அபூர்வமான நோயுமல்ல. 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 6,70,000 பேர் இதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம் வகிக்கிறது. 1954ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்ட காலத்தில், புற்று என்றாலே முடிவு என்றுதான் மக்கள் எண்ணியிருந்தார்கள். இன்று அந்த நிலை இல்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து செய்து கொண்டவர்களில் மிகப் பலர் நலமாக வாழ்கிறார்கள், அல்ஹம்து லில்லாஹ்.

நோய்க்கு மருந்து செய்வது தவக்குலுக்கு மாற்றமானது என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கிராமத்து அரபிகள் சிலர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருந்து செய்து கொள்ளலாமா என்று கேட்டபோது, செய்து கொள்ளுங்கள் என்று கட்டளையிட்டு, முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்று விளக்கியருளினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிதாபுகளில் உள்ளது. மருந்தைத் தேடுவதும் அவன் கட்டளை. ஷிஃபா அவன் கையில். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடுவது நமது அறியாமையே.

அடுத்து, அந்நிய ஆடவரான மருத்துவரிடம் மார்பைக் காட்டலாமா என்ற கேள்வி. திறமையுள்ள பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே போக வேண்டும். நம் தமிழ்நாட்டில் இது முன்போல் கஷ்டமான காரியமல்ல. மார்பைப் படம் எடுக்கும் மேமோகிராம் அறையில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுக் கொண்டால் ஊசிச் சோதனைக்கும் பெண் மருத்துவரை ஏற்பாடு செய்து தருவார்கள். கிடைக்கவில்லையென்றால், அதற்காக வாரக்கணக்கில் காத்திருந்து நோயை வளர விடுவது கூடாது. கணவரோ, மஹ்ரமோ, நம்பிக்கையான மற்றொரு பெண்ணோ உடனிருக்க, தேவையான இடத்தைத் தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கவும் தொடவும் நம் ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள், யுத்த களத்தில் தாங்கள் நாயகத்துடன் இருந்து, வீரர்களுக்குத் தண்ணீர் புகட்டிக் காயங்களுக்கு மருந்து செய்ததாக அறிவிக்கிறார்கள். புகாரியில் உள்ள இந்த ஹதீதை வைத்தே, தேவை ஏற்படும்போது ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் சிகிச்சை செய்யலாம் என்று இமாம்கள் சட்டம் எடுத்தார்கள். அதைவிட வெட்கம் உடையவர்களா நாம்?

பயாப்ஸி முடிவு வந்து, இது புற்றுதான் என்று மருத்துவர் சொன்ன அந்த நாள், ஒரு குடும்பத்தின் மீது இடி விழுந்த நாள்தான். அன்றைக்கு அந்தப் பெண் அழுதால் அழ விடுங்கள். "சபுர் செய், சபுர் செய்" என்று சுற்றி நின்று அவள் வாயை அடைப்பது சபுர் கற்பிப்பதாகாது. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தில் கண்கள் வெளுத்துப் போகும் வரை அழுதார்கள்; அவர்களுடைய சபுரை அல்லாஹ் குறை கூறவில்லை. அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் எடுத்துச் சொல்லி முறையிட்டார்கள். அவர்களை அவன் பொறுமையாளர் என்றே புகழ்ந்தான். மார்க்கம் தடுத்திருப்பது கன்னத்தில் அறைந்து கொள்வதையும், அல்லாஹ்வின் விதியை ஏசுவதையும்தான். கண்ணீரை அல்ல.

அழுகையை விடக் கொடியது அக்கம் பக்கத்தார் கொண்டு வந்து கொட்டும் பேச்சு. பிள்ளைக்குப் பால் கொடுக்காததால் வந்தது, கண்ணேறு பட்டது, யாரோ வைத்துவிட்டார்கள், என்ன பாவம் செய்தாளோ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கண்ணேறு உண்மை என்பதை நாம் மறுக்கவில்லை. ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதி ஊதிக் கொள்வது சுன்னத்து. ஆனால் ஓதிப் பார்ப்பதற்காக மருத்துவர் சொன்ன தேதியைத் தவற விடுவது சுன்னத்தல்ல. இன்னொரு பெண்ணைப் பார்த்து, உன் நோய்க்கு உன் பாவமே காரணம் என்று சொல்லும் அதிகாரத்தை யாருக்கும் யாரும் தரவில்லை. முஃமினுக்கு முள் குத்தினாலும் அதைக் கொண்டு பாவம் உதிர்கிறது என்றல்லவா நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள்! நோய், பாவத்தைக் கழுவ வந்ததாக இருக்க, அதைப் பாவத்தின் அடையாளமாக ஆக்குவது எவ்வளவு பெரிய கொடுமை! இந்நோய் தொற்று நோயுமல்ல. அவளுடன் ஒரே சஹனில் உண்ணலாம், பிள்ளைகளை அவள் மடியில் படுக்க வைக்கலாம். பயந்து தட்டையும் குவளையையும் தனியாக வைக்கும் மாமியார்கள் இதைக் கவனிக்க.

இனி கீமோ என்னும் மருந்துக்கு வருவோம். புற்று அணுக்கள் உடலில் எங்கே பரவியிருந்தாலும் அவற்றை அழிப்பதற்காக இரத்த நாளத்தின் வழியே ஏற்றப்படும் கடுமையான மருந்து இது. அறுவைக்கு முன்பும் கொடுப்பார்கள், பின்பும் கொடுப்பார்கள். மார்புப் புற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை என்று சில மாதங்கள் நடக்கும். வேகமாக வளரும் அணுக்களைத் தாக்குவது இம்மருந்தின் இயல்பு. ஆதலால் நல்ல அணுக்களிலும் வேகமாக வளர்பவை அடிபடுகின்றன. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், குமட்டுவதும், வெள்ளணுக்கள் குறைவதும் இதனால்தான்.

ஒரு ஷஃபான் மாதக் கடைசியில் ஒரு குடும்பத்தார் என்னிடம் மஸ்அலா கேட்டு வந்தார்கள். கணவர், அவருடைய தாயார், திரைக்குப் பின்னால் அந்தப் பெண். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். "ஹழ்ரத், அடுத்த வாரமே மருந்து ஏற்ற வேண்டுமென்று டாக்டரம்மா சொல்கிறார்கள். புத்தி தெரிந்த நாள் முதல் ஹைளு நாட்களைத் தவிர நான் ஒரு நோன்பையும் விட்டதில்லை. முப்பதையும் பிடித்துவிட்டுப் பெருநாள் கழித்து ஆரம்பிக்கலாமா?" என்றார்கள். மாமியாரோ, "அவனுக்காகப் பிடிக்கிற நோன்பு, அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா?" என்றார். கேட்பவர்களின் நிய்யத்து தூய்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இந்த எண்ணத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து இருக்கிறது என்பதை ஒரு ஹதீது நமக்குக் காட்டுகிறது.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் வருகிறது: ஒரு பயணத்தில் ஸஹாபி ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலையில் காயம். அன்றிரவு அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அப்படிச் சொன்னவர்களே என்று கடிந்து, அறியாதவர்கள் கேட்டுத் தெரிந்து கொண்டிருக்க வேண்டாமா என்றும், அவருக்குத் தயம்மும் போதுமானதாக இருந்ததே என்றும் கூறினார்கள். தண்ணீர் விஷயத்தில் பேணுதல் காட்டுவதாக எண்ணியவர்கள் ஒரு உயிர் போகக் காரணமானார்கள். ஆலிம்களாகிய நாங்களும் நடுங்க வேண்டிய ஹதீது இது.

ஆகவே, "காக்கா, டாக்டரம்மா சொன்ன தேதியிலேயே அழைத்துப் போங்கள்" என்று அந்தக் கணவரிடம் சொன்னேன். நோயாளியும் பிரயாணியும் வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளலாம் என்ற சலுகை அல்பகரா சூராவில், நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே இறங்கியிருக்கிறது. கடமையைத் தந்தவனே சலுகையையும் தந்தான். ஒன்றை ஏற்றுக் கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பது என்ன அடக்கம்? மேலும் இம்மருந்துகளில் சில, நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் மூத்திரப் பையைப் புண்ணாக்கக் கூடியவை. வாந்தியால் உடலில் நீர் வற்றிவிடும் அபாயமும் உண்டு. இந்த நிலையில் தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் நோன்பு பிடிப்பதை ஃபிக்ஹு நூல்கள் ஹராம் என்றே கூறுகின்றன. நன்மை போய்விடுமே என்று அந்தச் சகோதரி அழுதார்கள். நோயுற்றவருக்கும் பிரயாணம் செய்பவருக்கும் அவர் ஊரில் சுகமாக இருந்தபோது செய்து வந்த அமல்களின் நன்மை அப்படியே எழுதப்படும் என்று அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஹதீதைச் சொன்ன பிறகுதான் மனம் தேறினார்கள்.

இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. நோன்பு விட்டவுடன் அரிசியை அளந்து ஃபித்யா கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அப்படியல்ல. குணமாகும் என்று மருத்துவர் நம்பிக்கை சொல்லும் நோயாளிக்குக் களாதான் கடமை. ஃபித்யா அதற்கு ஈடாகாது. சிகிச்சை முடிந்து உடம்பு தேறிய பின், ஒன்றிரண்டாகவேனும், அவகாசமாக நோற்றால் போதும். நோய் நீடித்து அடுத்த ரமளானும் வந்துவிட்டால் அந்தத் தாமதத்திற்காகக் குற்றமுமில்லை, தண்டமுமில்லை. இனி நோன்பு நோற்கும் சக்தி வராது என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொல்லிவிட்டால்தான் ஃபித்யா. ஷாபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம். முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக் கொடுப்பது பேணுதலானது. ஹனபீ மத்ஹபில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் கிரயம்.

தொழுகைக்கு அப்படி ஒத்தி வைப்பு இல்லை. ஆனால் அதிலும் இலகு உண்டு. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்றும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மருந்து ஏறும் நாளில் நாலைந்து மணி நேரம் நாற்காலியிலேயே இருக்க நேரிடும். லுஹரைத் தொழுதுவிட்டு உட்கார முடிந்தால் நல்லது. வெளியூரிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ பிரயாணத் தொலைவு கடந்து வருகிறவர்கள் ஷாபிஈகளாக இருந்தால் லுஹரையும் அஸரையும் ஜம்உ செய்து கொள்ளலாம். உள்ளூர்க்காரராயிருந்தால்? நோய்க்காக ஜம்உ செய்வது நம் மத்ஹபின் பிரபலமான சொல் அல்ல என்றாலும், அது ஆதாரத்தில் பலமானது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களே ஏற்றிருக்கிறார்கள். கஷ்டப்படும் சகோதரி அதன்படி செய்வதை நான் தடுக்க மாட்டேன். ஹனபீகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் ஆரம்ப நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழுது கொள்ளலாம்.

கையில் மருந்து ஏற்றும் ஊசியும் பிளாஸ்திரியும் இருந்தால் அதை நனைக்க வேண்டியதில்லை. மற்ற இடங்களைக் கழுவி, பிளாஸ்திரியின் மேல் மஸ்ஹு செய்து, ஷாபிஈகள் அத்துடன் தயம்முமும் செய்ய வேண்டும். அப்படித் தொழுததைத் திரும்பத் தொழ வேண்டுமா என்பதில் விவரம் இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளவும். வாய் நிறைய வாந்தி எடுத்தால் ஹனபீ மத்ஹபில் ஒளு முறிந்துவிடும். ஷாபிஈயில் முறியாது, ஆனால் வாந்தி நஜீஸ் என்பதால் வாயையும் உடையையும் கழுவியே ஆக வேண்டும். மருந்து ஏறிய முதல் இரண்டு நாட்களுக்கு வாந்தியையும் மூத்திரத்தையும் சுத்தம் செய்பவர் கையுறை அணிந்து கொள்வது அவசியம். மருந்தின் கூறு அவற்றில் கலந்து வரும்.

மற்றொன்றையும் பெண்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறமான ஒரு மருந்து உண்டு. அது ஏறிய பின் ஓரிரு நாள் மூத்திரம் சிவப்பாக வரும். அது மருந்தின் நிறம். ஹைளு என்று எண்ணித் தொழுகையை விட்டுவிடக் கூடாது. மாத விலக்கு முறை மாறுவதும் சிலருக்கு நின்றே போவதும் உண்டு. நின்றால் தொழுகையைத் தொடர வேண்டியதுதான். தாறுமாறாக வந்தால் தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்து, அதைக் காட்டி மஸ்அலா கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரித்தால் சிசுவுக்குக் கேடு என்பதால், கணவனும் மனைவியும் மருத்துவரைக் கேட்டுத் தற்காலிகத் தடுப்பு முறையைக் கையாளலாம்; அதற்கு மார்க்கத்தில் தடை இல்லை.

முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில், பல மருந்துகளுக்கு, முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கும். முக்காடு போடும் பெண்ணுக்கு முடி போனால் என்ன என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தெருவில் அவளுக்குக் கவலை இல்லை; வீட்டுக்குள்தான் கவலை. கணவர் பார்ப்பார், பிள்ளைகள் பார்ப்பார்கள், கண்ணாடி பார்க்கும். தானாக உதிர்ந்து தலையணையெல்லாம் பரவுவதை விட முன்பே வழித்துவிடலாமா என்றால், நோய் என்னும் காரணம் இருப்பதால் வழித்துக் கொள்ளலாம். ஒளுவில் வெறும் தலையின் தோலில் மஸ்ஹு செய்தால் நிறைவேறிவிடும். பொய் முடி விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நோயில் முடி உதிர்ந்த தன் மகளுக்கு ஒட்டு முடி வைக்கலாமா என்று கேட்ட ஒரு தாயை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது சஹீஹான ஹதீது. ஆதலால் மனித முடியால் ஆனதை வாங்க வேண்டாம். நூலாலும் செயற்கை இழையாலும் ஆனதை ஹனபீ இமாம்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஷாபிஈயில் கணவரின் சம்மதத்துடன் ஆகும். என்னைக் கேட்டால், அரிக்காத ஒரு பருத்திக் குல்லாவே போதும். முடி மீண்டும் முளைக்கும். அறுவையில் மார்பை எடுக்க நேர்ந்தவர்கள் உள்ளே பஞ்சுத் திண்டு வைத்துக் கொள்வதோ, மருத்துவர் மூலம் சீரமைத்துக் கொள்வதோ படைப்பை மாற்றுவதாகாது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் தங்கத்தால் மூக்கு வைத்துக் கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததை இதற்கு ஆதாரமாகக் கொள்ளலாம்.

செலவு விஷயத்தில் கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியின் மருந்துச் செலவு கணவன் மீது கடமையில்லை என்று பழைய கிதாபுகளில் எழுதியிருப்பதைச் சிலர் தேடி எடுத்து வருகிறார்கள். மருந்தென்றால் எப்போதாவது கொள்ளும் கஷாயமாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது அது. இன்று சோற்றையும் துணியையும் போலவே சிகிச்சையும் வாழ்வின் அவசியமாகிவிட்டது, ஆகவே அதுவும் நஃபகாவில் சேரும் என்று இக்காலப் பேரறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். அதுவே நியாயம். நன்றாக இருந்தபோது அவள் கையால் உண்டவன், நோயில் கிதாபைப் புரட்டுவது ஆண்மையல்ல. வசதியில்லாதவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே விசாரிக்க வேண்டும். அந்தப் பெண் ஏழையாக இருந்தால் அவளுடைய சகோதரர்கள் தங்கள் ஜக்காத்தை அவளுக்கே கொடுக்கலாம். உறவுக்குக் கொடுத்த நன்மையும் சேரும். கணவன் தன் ஜக்காத்தைக் கொடுக்கக் கூடாது.

ஜம்ஜமும் தேனும் கருஞ்சீரகமும் பரக்கத்தானவை. ஜம்ஜமை ஷிஃபாவை நாடிக் குடித்து வரலாம். தேனையும் கருஞ்சீரகத்தையும், யாரோ கொடுத்த லேகியத்தையும் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும்; சில பொருட்கள் கீமோ மருந்துடன் மோதிக் கெடுதல் செய்யும். இதைச் சாப்பிட்டால் போதும், மருந்தை நிறுத்திவிடு என்று சொல்பவர் தாடி வைத்திருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நோய் விசாரிக்க வருகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மருந்து ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். சளி, இருமல் உள்ளவர்கள் அந்த நாட்களில் போகவே கூடாது. ஃபோனில் ஸலாம் சொல்லி துஆச் செய்தாலே போதும். நேரில் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போய் அரை நாள் உட்கார வேண்டாம். செத்துப் போன தெரிந்தவர்களின் கதையை எடுக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு துஆ ஓதி, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொண்டு போயிருந்தால் அதை அடுக்களையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்காரர்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால், தஹஜ்ஜுத் நேரமானாலும் சரி, விடியட்டும் என்று காத்திராமல், மாத்திரை கொடுத்துப் பார்க்காமல், அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட வேண்டும்.